கடல் காத்தாலைக்கு களிமண்ல பைல் டிசைன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓஎம்ஆர் பக்கம் அபார்ட்மென்டுக்கும் ஐடி பார்க்குக்கும் பைல் டிசைன் பண்ணிட்டிருக்குற பசங்களும், எம்இ ஜியோடெக் படிக்கிறவங்களும் திரும்பத் திரும்பக் கேக்குற கேள்விங்க இது. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணி மாளல, அதனால ஒரே இடத்துல போட்டுட்டேன். பைல், கிளே, ஷியர் ஸ்ட்ரெங்த் இதெல்லாம் ஓரளவு தெரியும்னு வச்சுதான் எழுதிருக்கேன்.

பில்டிங்குக்கு போடுற பைலும் பைல்தான், கடல்ல போடுறதும் பைல்தான். இதுல புதுசா என்ன இருக்கு?

லோடோட திசை. நாம இங்க பைல் டிசைன்னு சொன்னா முதல்ல கேக்குறது "காலம் லோடு எவ்வளவு சார்?" அவ்வளவுதான், மேல இருந்து கீழ வர்ற வெயிட்டு. காத்தாலைல அந்த வெயிட்டு ஒரு பிரச்சனையே இல்ல. கணக்கு போட்டுப் பாருங்க. சர்வதேச எனர்ஜி ஏஜென்சி (ஐஇஏ) வெளியிட்ட 15 மெகாவாட் ரெஃபரன்ஸ் டர்பைன்னு ஒண்ணு இருக்கு, எல்லாரும் ஆராய்ச்சிக்கு அதைத்தான் எடுப்பாங்க. ரோட்டர் விட்டம் 240 மீட்டர், ஹப் உயரம் 150 மீட்டர். மேல இருக்குற ரோட்டரும் நசெல்லும் (ஜெனரேட்டர் இருக்குற பெட்டி) சேர்ந்து சுமார் 1,000 டன், டவர் ஒரு 850 டன். மொத்தம் 2,000 டன்னுக்குள்ள, நம்ம ஊர்ல ஒரு சுமாரான டவர் பிளாக் இதைவிட பல மடங்கு வெயிட்டு.

ஆனா காத்து அந்த ரோட்டரைத் தள்ளுது பாருங்க, அந்த த்ரஸ்ட் சுமார் 250 டன். தண்ணி ஆழம் 30 மீட்டர்னு வச்சா கடல்தரைல இருந்து 180 மீட்டர் உயரத்துல 250 டன்னை படுக்க வாட்டுல வச்சு தள்றீங்க, அதாவது 45,000 டன்-மீட்டர் மொமென்ட். இது வெறும் காத்து மட்டும், அலையோட அடி தனி. அதுவும் ஒரு தடவை தள்ளிட்டு விடாது, 25 வருஷத்துல 10 கோடி தடவைக்கு மேல ஆட்டும். அதனால இங்க "தாங்குமா"ங்குறதைவிட "எவ்வளவு விறைப்பா நிக்கும், அந்த விறைப்பு 25 வருஷம் அப்படியே இருக்குமா"ங்குறதுதான் பெரிய கேள்வி, கீழ சொல்றது எல்லாமே கடைசில இங்கதான் வந்து நிக்கும்.

மோனோபைல்னா ஒரே ஒரு பைலா? அது எப்படி போதும்?

ஒரே ஒரு பைல்தான், ஆனா விட்டத்தைப் பாருங்க. இப்போ வர்ற பெரிய டர்பைனுக்கு 8 மீட்டர், 10 மீட்டர் விட்டத்துல ஸ்டீல் குழாய், ரெண்டு பக்கமும் திறந்தது, மண்ணுக்குள்ள 25-ல இருந்து 40 மீட்டர் வரைக்கும் போகும். நாம போடுற 600 மில்லிமீட்டர் பைல் மாதிரி ஒல்லி இல்ல, இதோட விட்டத்தைவிட மண்ணுக்குள்ள இருக்குற நீளம் எத்தனை மடங்குன்னு பாத்தா ஆச்சரியமா இருக்கும், ரெண்டரைல இருந்து அஞ்சு மடங்குதான். ஒல்லியான பைல் வளையும், இது வளையாது, ஈர மண்ணுல குத்தி வச்ச கடப்பாரை கணக்கா முழுசா சாயும், அடி நுனி எதிர்ப்பக்கம் உதைக்கும். டிசைன்ல பாதி தலைவலி இந்த ஒரு விஷயத்துல இருந்து வருது.

ஐரோப்பால கடல் காத்தாலைல பெரும்பான்மை மோனோபைல்தான். தேம்ஸ் முகத்துவாரத்துல 2013-ல முழுசா ஓட ஆரம்பிச்ச லண்டன் அர்ரே, 175 டர்பைன், 630 மெகாவாட், எல்லாமே மோனோபைல், அடியில லண்டன் கிளே. தண்ணி ரொம்ப ஆழம்னாலோ மேல் மண்ணு ரொம்ப சேறா இருந்தாலோ மூணு கால், நாலு கால் ஜாக்கெட்டுக்கு (ஸ்டீல் சட்டக அமைப்பு) போயிடுவாங்க, அதுல பைல் சின்னது. அதுக்கு தனியா கீழ சொல்றேன்.

பி-ஒய் கர்வ் பத்தி எல்லாரும் குறை சொல்றாங்களே, காலேஜ்ல அதைத்தானே சொல்லிக் குடுத்தாங்க?

சொல்லிக் குடுத்தது தப்பில்ல, எந்த பைலுக்குன்னு சொல்லாம விட்டதுதான் பிரச்சனை.

பி-ஒய்னா, பைலை பக்கவாட்டுல ஒய் அளவு நகத்துனா மண்ணு பி அளவு எதிர்த்துத் தள்ளும், அதை ஸ்பிரிங்கா வச்சு பைல் முழுக்க மாட்டுறது. மெதுவான (சாஃப்ட்) கிளேக்கு அமெரிக்க பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட்டோட ஏபிஐ கோடுல ரொம்ப காலமா இருந்தது 1970-ல மேட்லாக் குடுத்த கர்வ். அவர் சோதிச்ச பைலோட விட்டம் 324 மில்லிமீட்டர், எண்ணெய் ரிக் மேடைகளை மனசுல வச்சு பண்ணது, நீளமா ஒல்லியா இருக்குற பைல். அந்த வேலைக்கு அது அருமையா ஒத்து வந்துச்சு, அதுல சந்தேகமே வேண்டாம்.

இப்போ அதே ஃபார்முலாவை 8 மீட்டர் பைலுக்கு போடுங்க. மண்ணோட எதிர்ப்புல பாதி வெளிய வர்றதுக்கு தேவையான நகர்வு ஒய்-50, அதை 2.5 பெருக்கல் எப்சிலான்-50 பெருக்கல் விட்டம்னு எடுக்கணும். எப்சிலான்-50னா மண்ணு தன் பலத்துல பாதியைக் காட்டும்போது இருக்குற ஸ்ட்ரெயின், அது ஒரு சதவீதம்னு வைங்க. மேட்லாக் பைலுக்கு 8 மில்லிமீட்டர் வருது. 8 மீட்டர் பைலுக்கு 200 மில்லிமீட்டர்! அதாவது இருபது சென்டிமீட்டர் நகர்ந்தாதான் மண்ணு தன் பலத்துல பாதியைக் காட்டும்னு ஃபார்முலா சொல்லுது. பைல் 20 மில்லிமீட்டர் நகர்ந்தா சின்ன பைல்ல 68 சதவீத எதிர்ப்பு, பெரிய பைல்ல வெறும் 23 சதவீதம்.

இன்னொண்ணு. பைலைச் சுத்தி மண்ணு உருண்டு ஓடுற ஆழமான நிலை, அங்க எதிர்ப்பு 9 மடங்கு ஷியர் ஸ்ட்ரெங்த்னு மனப்பாடம் பண்ணிருப்பீங்க. அது எந்த ஆழத்துல ஆரம்பிக்குதுன்னு அதே கோடு ஃபார்முலால போட்டுப் பாருங்க, 50 கிலோபாஸ்கல் கிளே, முங்கிய எடை கன மீட்டருக்கு 8 கிலோநியூட்டன், ஃபார்முலால வர்ற ஜேங்குற மாறிலி 0.5. 324 மில்லிமீட்டர் பைலுக்கு மூணரை மீட்டர் ஆழத்துலயே வந்துரும். 8 மீட்டர் பைலுக்கு 27 மீட்டர். பைலே 30 மீட்டர்தான்! ஆக கிட்டத்தட்ட மொத்த பைலும், மேல்மட்டத்துல ஆப்பு வடிவத்துல மண்ணு எழும்புற மண்டலத்துக்குள்ளயே நிக்குது, மனப்பாடம் பண்ண 9 பெருசா வேலைக்கு வரல. அந்த 9 கூட கொஞ்சம் கம்மிதான், ராண்டால்ஃபும் ஹௌல்ஸ்பியும் 1984-ல பிளாஸ்டிசிட்டி தியரி வச்சு 9.14-ல இருந்து 11.94 வரைக்கும்னு காட்டிட்டாங்க, பைல் மேற்பரப்பு எவ்வளவு சொரசொரப்புங்குறதைப் பொறுத்து.

கர்வ் மண்ணை நிஜத்தைவிட சாஃப்டா காட்டுனா நல்லதுதானே, கன்சர்வேடிவ்தானே?

இந்தக் கேள்விக்குத்தான் கோவம் வரும், ஆனா நியாயமான கேள்விதான். பில்டிங்ல சரி. இங்க இல்ல, ஏன்னா ஃப்ரீக்வென்சின்னு ஒண்ணு இருக்கு.

அதே 15 மெகாவாட் டர்பைன் நிமிஷத்துக்கு 5-ல இருந்து ஏழரை சுத்து சுத்தும். ஒரு சுத்துக்கு ஒரு உதறல், அதை 1பி-ன்னு சொல்வாங்க, 0.08-ல இருந்து 0.126 ஹெர்ட்ஸ் வரைக்கும். மூணு இறக்கை டவரைத் தாண்டிப் போகும்போது வர்றது 3பி, 0.25-ல ஆரம்பிச்சு 0.38 வரைக்கும். உங்க மொத்த அமைப்போட இயற்கை ஃப்ரீக்வென்சி இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்குற சந்துல உக்காரணும், ரெண்டு பக்கமும் 10 சதவீதம் இடைவெளி விட்டா 0.14-க்கும் 0.225-க்கும் நடுவுல. கீழ்ப்பக்கம் அலையும் இருக்கு, 10 செகண்ட் அலைன்னா 0.1 ஹெர்ட்ஸ்.

மண்ணை நிஜத்தைவிட சாஃப்டா எடுத்தா ஃப்ரீக்வென்சி கம்மியா வரும், அதை ஏத்தணும்னு ஸ்டீல் தடிமனை கூட்டுவீங்க, விட்டத்தை கூட்டுவீங்க, ஒரு பைலுக்கு நூத்துக்கணக்குல டன் ஏறும், அதை 100 டர்பைனால பெருக்குங்க. அப்புறம் கடல்ல நட்டதும் நிஜ மண்ணு விறைப்பா இருக்கும், ஃப்ரீக்வென்சி நீங்க நெனச்சதுக்கு மேல போய் 3பி பக்கம் ஒட்டும். ஐரோப்பால கட்டி முடிச்ச மோனோபைல்கள்ல அளந்து பாத்தப்போ டிசைன்ல போட்டதைவிட ஃப்ரீக்வென்சி அதிகமா வந்ததுதான் பல இடத்துல கதை. இங்க மேல் எல்லை, கீழ் எல்லை ரெண்டுக்கும் ஓட்டணும். "சேஃப் சைடு"ன்னு ஒரு பக்கமே கிடையாது.

அப்போ எந்த மெத்தட் யூஸ் பண்றது?

பீசா. நம்ம பீட்சா இல்ல, அது ஒரு ப்ராஜெக்ட் பேரு. 2013-ல ஆரம்பிச்சாங்க, இப்போ ஓர்ஸ்டெட்னு இருக்குற அப்போதைய டாங் எனர்ஜி தலைமைல, ஆக்ஸ்ஃபோர்டு, இம்பீரியல் காலேஜ், டப்ளின் யுனிவர்சிட்டி காலேஜ் மூணும் சேர்ந்து. இங்கிலாந்து கிழக்குக் கரைல கௌடன்கிற இடத்துல கெட்டி கிளே, பிரான்ஸ்ல டன்கர்க்ல கெட்டி மணல், ரெண்டு இடத்துலயும் தரையில பைல் அடிச்சு இழுத்துப் பாத்தாங்க, பெரிய பைல் 2 மீட்டர் விட்டம்.

சாரம் இதுதான்: பக்கவாட்டு ஸ்பிரிங் ஒண்ணு மட்டும் போதாது, நாலு வேணும். ஒண்ணு வழக்கமான பி-ஒய். ரெண்டாவது, பைல் சாயும்போது ஒரு பக்கச் சுவர் கீழ இறங்கும், எதிர்ப்பக்கச் சுவர் மேல ஏறும், அந்த உரசலே ஒரு எதிர் மொமென்ட் குடுக்கும். விட்டம் 8 மீட்டர்னா அது கணிசமான தொகை, 324 மில்லிமீட்டர்ல அது ஒண்ணுமே இல்ல, அதனாலதான் அந்தக் காலத்துல யாரும் கண்டுக்கல. மூணாவதும் நாலாவதும் அடி நுனில வர்ற ஷியரும் மொமென்ட்டும், அடி உதைக்குதுன்னு சொன்னேன்ல, அது.

ஆனா கௌடன் கர்வ்களை அப்படியே தூக்கி குஜராத் கிளேக்கு போட்டுறாதீங்க, மேட்லாக்குக்கு பண்ண அதே வேலையை பீசாவுக்கும் பண்ண மாதிரி ஆயிடும். அது பனிப்பாறை அரைச்சுப் போட்ட கெட்டியான கிளே. முறை என்னன்னா, உங்க சைட் மண்ணுக்கு முப்பரிமாண ஃபைனைட் எலிமென்ட் மாடல் சிலது ஓட்டி, அதுல இருந்து இந்த நாலு ஸ்பிரிங்கையும் உங்களுக்கே எடுத்து, அப்புறம் வேகமான ஒருபரிமாண மாடல்ல எல்லா டர்பைனுக்கும் ஓட்டுறது. பிளாக்ஸிஸ் சாஃப்ட்வேர் காரங்க இதுக்குன்னே மோனோபைல் டிசைனர்னு ஒண்ணு வச்சிருக்காங்க. லைசென்ஸ் விலை கேட்டு மயக்கம் போடாதீங்க.

10 கோடி தடவை ஆட்டுனா கிளே தாங்குமா?

கிளேல சைக்ளிக் லோடு ரெண்டு வேலை பண்ணும். போர் வாட்டர் பிரஷர் (மண் துகள்களுக்கு நடுவுல இருக்குற தண்ணியோட அழுத்தம்) ஏறி ஸ்டிஃப்னஸ் குறையும், அது ஒண்ணு. காத்து பெரும்பாலும் ஒரே பக்கம் அடிக்கும்கிறதால கொஞ்சம் கொஞ்சமா அந்தப் பக்கமே சாஞ்சு அப்படியே தங்கிடும், அது ரெண்டு. டர்பைன் காரங்க வழக்கமா குடுக்குற எல்லை கடல்தரை மட்டத்துல மொத்தம் 0.5 டிகிரி, அதுல 0.25 பைல் அடிக்கும்போது வர்ற கோணலுக்கே போயிடும், மிச்சம் 0.25 டிகிரிதான் 25 வருஷத்துக்கு. 0.25 டிகிரின்னா 180 மீட்டர் உயரத்துல கிட்டத்தட்ட 80 சென்டிமீட்டர், கண்ணால பாத்தா தெரியாது, ஆனா காண்ட்ராக்ட்ல தெரியும்.

கோடுல சைக்ளிக்னா எதிர்ப்பை 0.72-ஆல பெருக்குன்னு ஒரு வரி இருக்கும், அது மேட்லாக் புயல் லோடுக்கு பண்ண சோதனைல இருந்து வந்தது. எத்தனை சைக்கிள், எவ்வளவு பெருசுன்னு அது கேக்கவே கேக்காது. அதைவிட நல்ல வழி நார்வே ஜியோடெக்னிகல் இன்ஸ்டிடியூட் (என்ஜிஐ) காரங்க ட்ராமென் கிளே வச்சு வளர்த்த காண்டூர் வரைபட முறை: சராசரி ஷியர் இவ்வளவு, ஆட்டுற ஷியர் இவ்வளவு, இத்தனை சைக்கிள், அப்போ ஸ்ட்ரெயின் இவ்வளவுன்னு லேப்ல எடுத்து வரைஞ்சு, புயலை சின்ன சின்ன பொட்டலமாப் பிரிச்சு அதுல ஓட்டுறது. லேப் செலவு ஜாஸ்தி. ஆனாலும் அங்க மிச்சம் பிடிக்கவே கூடாது.

கெட்டி கிளேல இன்னொரு தொல்லை, பைலுக்குப் பின்னாடி இடைவெளி விழும். ஒவ்வொரு அலைக்கும் அதுக்குள்ள தண்ணி உள்ள போய் வெளிய வந்து மண்ணைக் கழுவிட்டு போகும். மெதுவான கிளே தானா மூடிக்கும்.

ஜாக்கெட் பைலுக்கு என்ன கணக்கு?

இதுல சாய்க்கிற மொமென்ட், கால்கள்ல இழுவையும் அமுக்கமுமா மாறிடும். ஒரு கால் மேல இழுபடும், எதிர்க் கால் கீழ அமுங்கும். அதனால நமக்குப் பழக்கமான ஆக்சியல் கணக்கு, ஆல்ஃபா மெத்தட், அதாவது ஷியர் ஸ்ட்ரெங்தை ஆல்ஃபாங்குற நம்பரால பெருக்கி பைல் சுவர் உரசலை எடுக்குறது.

ஒரு ரஃப் கணக்கு. 2 மீட்டர் விட்டம், 40 மீட்டர் நீளம், சராசரி ஷியர் ஸ்ட்ரெங்த் 60 கிலோபாஸ்கல். நடு ஆழத்துல எஃபெக்டிவ் ஸ்ட்ரெஸ் 160 கிலோபாஸ்கல். 60-ஐ 160-ஆல வகுத்தா 0.375, இது ஒண்ணுக்குக் கீழங்கிறதால ஏபிஐ ஃபார்முலா ஆல்ஃபா 0.5 பை ரூட் 0.375, அதாவது 0.82. ஒரு சதுர மீட்டருக்கு 49 கிலோநியூட்டன் உரசல், பரப்பு 251 சதுர மீட்டர், மொத்தம் சுமார் 12,300 கிலோநியூட்டன், 1,250 டன். நிஜத்துல லேயர் லேயரா போடணும். அமுக்கத்துக்கு அடி நுனி எதிர்ப்பும் சேரும், இழுவைக்கு அது கிடையாது, அதனால இழுவைதான் நீளத்தை முடிவு பண்ணும். சைக்ளிக் இழுவை வந்து உரசலைத் தின்னும், அதுக்குக் கழிச்சுக்கணும்.

நம்ம ஊர் சாயில் ரிப்போர்ட்ல எஸ்பிடி (ஸ்டாண்டர்ட் பெனட்ரேஷன் டெஸ்ட்) என் வேல்யூ இருக்கே, அதை வச்சு பண்ண முடியாதா?

முடியாது. பள்ளிக்கரணை சதுப்பு ஓரத்துல போர் போட்டவங்களுக்குத் தெரியும், லாக்ல என் வேல்யூ 1, 2, 2, 3-ன்னு போகும், அதுல இருந்து ஷியர் ஸ்ட்ரெங்த் 10-ஆ 25-ஆன்னு யாராலயும் சொல்ல முடியாது. கடல்ல சிபிடி, அதாவது கோன் பெனட்ரேஷன் டெஸ்ட், அதுவும் ஒரு டர்பைனுக்கு குறைஞ்சது ஒண்ணு.

சிபிடிலயும் உஷாரா இருங்க. கோன் எதிர்ப்புல இருந்து மேல் மண்ணோட பாரத்தைக் கழிச்சு என்கேடின்னு ஒரு நம்பரால வகுத்தா ஷியர் ஸ்ட்ரெங்த். அந்த நம்பர் நார்த் சீ கிளேக்கு 15-ல இருந்து 20-ன்னு எடுப்பாங்க. நிகர எதிர்ப்பு 900 கிலோபாஸ்கல்னா 15-ஆல வகுத்தா 60, 20-ஆல வகுத்தா 45. இந்த ஒரு நம்பரை லேப் டெஸ்டோட ஒப்பிட்டு சரி பண்ணாம மீதி எவ்வளவு நுணுக்கமா கணக்குப் போட்டும் புண்ணியமில்ல.

பட்ஜெட்ல கை வைக்கிறாங்கன்னா நான் விட்டுக்குடுக்காத ஒரு டெஸ்ட், ஸ்மால் ஸ்ட்ரெயின் ஷியர் மாடுலஸ், அதாவது மண்ணு ரொம்பக் கொஞ்சமா நகரும்போது எவ்வளவு விறைப்பா இருக்குங்குறது. சீஸ்மிக் சிபிடி, லேப்ல பெண்டர் எலிமென்ட், ரெசனன்ட் காலம். ஃப்ரீக்வென்சியை முடிவு பண்றது அதுதான், ஸ்ட்ரெங்த் இல்ல.

கிளேல பைல் அடிக்கிறது ஈஸிதானே?

சில சமயம் ரொம்பவே ஈஸி, அதுதான் ஆபத்து. மேல் கிளே மெதுவா இருந்தா பைல் சொந்த வெயிட்லயே இறங்கும், திடீர்னு பிடி விட்டு சர்ருன்னு ஓடும், பைல் ரன்னுன்னு பேரு. சுத்தியலும் கிரேன் கயிறும் அதோட போச்சுன்னா என்ன ஆகும்னு சொல்லவே வேண்டாம். எந்த ஆழத்துல ஓடலாம்னு முன்னாடியே கணக்குப் போட்டு வச்சுக்கணும்.

அடிக்கும்போது கிளே கலங்கி போர் பிரஷர் ஏறி பலம் இறங்கிடும், அப்புறம் வாரக்கணக்குல, மாசக்கணக்குல திரும்ப ஏறும், செட்-அப். இதுக்கு ஆகுற நேரம் விட்டத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி கூடும், அதனால சின்ன பைல் அனுபவத்தை வச்சு "ரெண்டு வாரம் போதும்"னு சொல்லாதீங்க. டிஎம்சி முறைல துளை போட்டு, பென்டோனைட் ஊத்தி, கூடு இறக்கி கான்கிரீட் போடுற நம்ம முறைல இந்த விஷயமே வராது.

சத்தமும் ஒரு விஷயம். ஜெர்மனில பைல்ல இருந்து 750 மீட்டர் தூரத்துல தண்ணிக்குள்ள 160 டெசிபல் எல்லை, அதுக்காக சுத்தி காத்துக் குமிழி திரை போடுவாங்க. பாக் விரிகுடால 2022-ல கடற்பசு காப்பகம் அறிவிச்சிருக்காங்க, நம்ம கடல்லயும் இந்தக் கேள்வி வராம இருக்காது.

ஐஎஸ் 2911 போதுமா?

போதாது, அது தரைல போடுற பைலுக்கு எழுதுன இந்தியக் கோடு. லேட்டரலுக்கு ஃபிக்ஸிட்டி டெப்த் எடுத்து கேன்டிலீவரா பாக்குற முறை இங்க எடுபடாது. இதுக்கு வேண்டிய கோடுங்க: டிஎன்வி-எஸ்டி-0126, ஐஇசி 61400-3-1, ஐஎஸ்ஓ 19901-4, ஏபிஐ ஆர்பி 2ஜியோ. முதல்ல டிஎன்வியை எடுத்துப் படிங்க.

தமிழ்நாட்டுக் கடல்ல களிமண் இருக்கா, இல்ல இதெல்லாம் வெளிநாட்டுக் கதையா?

2024 ஜூன்ல மத்திய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய் நிதி உதவிக்கு ஒப்புதல் குடுத்துச்சு, குஜராத்துக்கு 500 மெகாவாட், தமிழ்நாட்டுக்கு 500 மெகாவாட். களிமண் கேள்வி குஜராத்துக்குத்தான் நேரடியாப் பொருந்தும். காம்பே வளைகுடால மேல மெதுவான கிளே, கூடவே வேகமான ஓத நீரோட்டம், நம்ம பள்ளிக்கரணைல இருக்குற தேசிய காற்றாற்றல் நிறுவனம் (நிவே) காரங்கதான் 2017-ல பிபாவாவ் பக்கம் கடல்ல மோனோபைல் மேல லைடார்ங்குற லேசர் கருவி வச்சு காத்தை அளந்தாங்க. மன்னார் வளைகுடா வேற ஜாதி, பவளப்பாறை, சுண்ணாம்பு கலந்த மணல், சிமென்ட் பிடிச்ச அடுக்குங்க. சுண்ணாம்பு மணல்ல அடிச்ச பைலுக்கு உரசல் படு கம்மியா வரும், ஆஸ்திரேலியால நார்த் ரேங்கின் மேடைல எண்பதுகள்ல பட்ட பாடு அது. ஆக கன்னியாகுமரி காத்து முப்பந்தல் புகழா இருக்கலாம், அதுக்கு அடியில இந்தப் பக்கத்துல இருக்குற கணக்கை அப்படியே போட முடியாது.

ஸ்கவர், அதாவது நீரோட்டம் பைலைச் சுத்தி மண்ணை அரிக்கிறது, அது பிரச்சனையா?

மணல் அளவுக்கு இல்ல, கிளே மெதுவாத்தான் அரிக்கும். மேல ஒரு மீட்டர் ரெண்டு மீட்டர் மணல் அடுக்கு இருந்தா அதை இல்லைன்னே வச்சு கணக்குப் போடுங்க.

25 வருஷம் கழிச்சு பைலைப் பிடுங்கிடுவாங்களா?

பெரும்பாலும் இல்ல. கடல்தரைக்குக் கொஞ்சம் கீழ வெட்டி மேல்பாகத்தை எடுத்துட்டு மீதியை அப்படியே விட்டுருவாங்க. மேல சொன்ன செட்-அப்பால கிளே நல்லா இறுகப் பிடிச்சிருக்கும், உள்ள அடைச்ச மண்ணோட சேர்த்து இழுக்குறதுக்கு கிரேன் கட்டுபடி ஆகாது. முழுசா எடுக்குறதுக்கு அதிர்வு கொடுத்து இழுக்குறது, உள்ள தண்ணி அழுத்தம் ஏத்தி பைலை மேல தள்றதுன்னு முயற்சிங்க நடக்குது. எம்இ ப்ராஜெக்டுக்கு தலைப்பு தேடுறவங்க இதை எடுத்துக்கலாம், இந்தப் பக்கம் கூட்டம் கம்மி.